முதலில் பாதம், பிறகு தராசு

சென்ற மாதம் எங்கள் பழைய வட்டார அலுவலகத்திலிருந்து, புதிதாகப் பணியில் சேர்ந்த மேற்பார்வையாளர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். இப்போது அங்கன்வாடிகளில் குழந்தைகளின் எடை, உயரம் எல்லாவற்றையும் கைப்பேசிச் செயலியில்தான் பதிகிறார்கள். எண்களைக் கொடுத்தால் பச்சையா, மஞ்சளா, சிவப்பா என்று அதுவே சொல்லிவிடுகிறது. அந்தத் திரையின் அடியில் ஒரு கேள்வி இருக்கிறதாம்: இரு பாதங்களிலும் வீக்கம் உண்டா, இல்லையா?

"எல்லாருமே 'இல்லை'ன்னு அழுத்தீட்டுப் போயிர்றோமுங்க மேடம். 'உண்டு'ன்னு அழுத்துன ஒருத்தரைக்கூட எங்களுக்குத் தெரியாதுங்க. அப்புறம் அந்தக் கேள்வி எதுக்குங்க?" என்று கேட்டார். பயிற்சி வகுப்பில் வாசிக்கிற மாதிரி எழுதித் தர முடியுமா என்றும் கேட்டார்.

நியாயமான கேள்வி. ஓய்வு பெற்ற பிறகு என்னிடம் யாரும் நியாயமான கேள்வி கேட்டு நாளாகிவிட்டது. ஆகவே எழுதுகிறேன். நாட்குறிப்பு எழுதும் பழக்கம் எனக்குப் பள்ளி நாட்களிலிருந்து உண்டு. ஆனால் இதற்காக அதைப் புரட்ட வேண்டியிருக்கவில்லை.

குழந்தை வளர்ச்சித் திட்டத்தில் மேற்பார்வையாளர் என்றால் என்ன வேலை என்று என் வீட்டிலேயே பலருக்குத் தெரியாது. சில பல கிராமங்களின் அங்கன்வாடிகள் ஒருவர் பொறுப்பில் இருக்கும். மையத்துக்குப் போக வேண்டும். குழந்தைகளின் எடையைப் பார்க்க வேண்டும், சத்துமாவு வந்து சேர்ந்ததா, சேர்ந்தது குழந்தையின் வாய்க்குப் போனதா என்று பார்க்க வேண்டும். கர்ப்பிணிகளைப் பார்க்க வேண்டும். திரும்பி வந்து எழுத வேண்டும். பயிற்சி கோவையில் நடந்தது. வகுப்பில் கற்றதைவிட, பயிற்சி முடிந்ததும் என்னை வால்பாறைக்கு அனுப்பினார்களே, அங்கே முதல் குளிர்காலத்தில் கற்றது அதிகம்.

அப்போது தொங்கு தராசு. கடிகாரம் போன்ற வட்ட முகம், அதற்குக் கீழே ஒரு கொக்கி. கொக்கியில் கால்சட்டை வடிவத்தில் தைத்த துணிப்பையை மாட்டி, அதற்குள் குழந்தையின் கால்களை விட்டுத் தொங்கவிட வேண்டும். உள்ளே இருக்கும் வில் அதிர்ந்தால் முள் தப்பாகக் காட்டும் என்று சொல்லியிருந்தார்கள். அதனால் பொள்ளாச்சியிலிருந்து மலை ஏறும் பேருந்தில், தராசைத் துணியில் சுற்றி மடியில் வைத்து, ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் இரு கைகளாலும் அணைத்துக்கொள்வேன். நடத்துநர் ஒருவர் பல நாள் பார்த்துவிட்டு, "ஏனுங்க அம்மணி, தூங்குற புள்ளையா? அரை டிக்கெட்டு போட்டுரட்டுங்களா?" என்று கேட்டார். அதன் பிறகு அவர் என்னைக் கண்டாலே, "டீச்சரும் கைக்கொழந்தையும் வாராங்க, எடம் உடுங்க" என்பார்.

தேயிலைத் தோட்டத்து வீட்டு வரிசைகளில், குளிரில் குழந்தையின் சட்டையைக் கழற்ற எந்தத் தாயும் சம்மதிக்கவில்லை. கம்பளிச் சட்டையோடு நிறுத்தால் எடை கூடும். கழற்றினால் சளி பிடிக்கும். அடுப்புப் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு குழந்தையாகக் கழற்றி, நிறுத்து, உடனே போர்த்தி அனுப்பினோம். எடை என்பது முள் காட்டுவது மட்டுமல்ல, முள்ளின் மேல் என்னென்ன தொங்குகிறது என்பதும்தான் என்று அங்கே புரிந்தது. அந்தப் பாடத்தை எனக்கு முழுதாகச் சொல்லிக் கொடுத்தவர் பின்னால் வந்தார்.

காங்கேயம் பக்கம் மாற்றலாகி வந்தபோது அங்கே திட்ட அலுவலராக இருந்தவர் விசாலாட்சி மேடம். மெலிந்த உடம்பு, பருத்திப் புடவை. குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. ஜீப் ஓட்டுநரிலிருந்து மையத்தில் சமைக்கும் ஆயா வரை எல்லோரிடமும் 'ங்க' போட்டுத்தான் பேசுவார். திட்டும்போதும் அப்படித்தான். அதனால் திட்டு விழுந்தது என்பது சில பேருக்கு வீட்டுக்குப் போன பிறகே தெரியும்.

ஒரு மையத்துக்குள் நுழைந்தால் முதலில் கைக்கடிகாரத்தையும் மோதிரத்தையும் கழற்றிப் பைக்குள் போடுவார். பிறகு இருப்பு அறைக்குப் போய், சத்துமாவு மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டு, அடியிலிருந்து ஒரு பிடி எடுத்து மோந்து பார்ப்பார். மேலே இருக்கிற மாவு எப்போதும் நன்றாகத்தான் இருக்கும் என்பது அவர் கருத்து. அன்றைய சோற்றில் ஒரு கரண்டி சாப்பிடுவார். அது வரைக்கும் காபி குடிக்க மாட்டார். நாங்கள் எதைச் சொன்னாலும் அவர் கேட்கும் ஒரே கேள்வி, "பார்த்ததுங்களா, கேட்டதுங்களா?" கேட்டது என்றால், "அப்பப் போய்ப் பார்த்துட்டு வந்துருங்க" என்பார். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

எடை போடுவதில் அவருக்கு ஒரு முறை இருந்தது. நம் ஊரில் குழந்தைக்கு இடுப்பில் அரைஞாண் கயிறு கட்டாமல் விடுவதில்லை. அதில் தாயத்து, வெள்ளிக் காசு என்று கோத்திருப்பார்கள். ஆடையைக் கழற்றச் சொன்னால் கழற்றுவார்கள், கொலுசைக் கழற்றச் சொன்னாலும் முணுமுணுத்துக்கொண்டே கழற்றுவார்கள். அரைஞாணை மட்டும் கழற்றச் சொல்ல முடியாது. அதை அறுத்து எடுப்பது ஒரே ஒரு சமயத்தில்தான். அது உயிர் போன பிறகு. பணியில் புதிதாக வந்த பெண் ஒருத்தி, சரியான எடை வேண்டும் என்று கயிற்றைக் கழற்றப் போய், அந்தத் தெருவே மையத்துக்கு வந்துவிட்டதாம். அதன் பிறகு மேடம் தன் பையில் ஒரு கறுப்புக் கயிற்றை, தாயத்துக் கோத்தபடி, வைத்துக்கொண்டார். வெறும் துணிப்பையோடு அதையும் கொக்கியில் மாட்டி, முள்ளைச் சுழியத்துக்குத் திருகி வைப்பார். பிறகு கயிற்றை எடுத்துவிடுவார். அப்புறம் எந்தக் குழந்தையும் தன் கயிறோடே ஏறலாம்.

அதற்கும் முன்னால் ஒரு வேலை உண்டு. குழந்தையைத் தூக்குவதற்கு முன் இரு பாதங்களின் மேற்புறத்தையும் கட்டைவிரல்களால் அழுத்த வேண்டும். மெதுவாக மூன்று எண்ணும் வரை அழுத்தி, விரலை எடுக்க வேண்டும். சதை உடனே மேலெழும்பினால் சரி. குழி அப்படியே நின்றால் அது சதை இல்லை, தண்ணீர். ஒரு காலில் மட்டும் என்றால் அடிபட்டிருக்கலாம், முள் குத்தியிருக்கலாம். இரண்டிலும் என்றால் அந்தக் குழந்தையைத் தராசில் ஏற்றித் தெரிந்துகொள்ள எதுவும் இல்லை. "முதல்ல பாதமுங்க, பொறகு தராசு. தராசுக்கு எது சதை, எது தண்ணின்னு தெரியாதுங்க" என்று ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்வார். ஒவ்வொரு கூட்டத்திலும் நாங்கள் தலையாட்டுவோம். எங்களில் யாரும் குழியைப் பார்த்ததில்லை.

காங்கேயம் சுற்றிலும் தேங்காய்க் களங்கள். பெரிய சிமென்ட் தளத்தில் உடைத்த தேங்காய்களை வெயிலில் பரப்பி வைத்திருப்பார்கள். காய்ந்ததும் பெண்கள் உட்கார்ந்து ஓட்டிலிருந்து பருப்பை நெம்பி எடுப்பார்கள். அந்தப் பருப்புதான் எண்ணெய் ஆலைக்குப் போகும். களத்தின் ஓரத்திலேயே தகர அட்டை போட்ட அறைகளில் வேலை செய்பவர்கள் குடும்பத்தோடு தங்கியிருப்பார்கள். வெளியூரிலிருந்து வந்தவர்கள், ஒரு களத்தில் கொஞ்ச நாள், இன்னொன்றில் கொஞ்ச நாள். ஊருக்குள் இருக்கும் அங்கன்வாடியின் கணக்கில் அந்தக் குழந்தைகள் வர மாட்டார்கள். விசாலாட்சி மேடம் வந்த பிறகு, மாதம் ஒரு முறை நாங்களே களங்களுக்குப் போய் எடை போட வேண்டும் என்று உத்தரவானது.

அப்படிப் போன ஒரு களத்தில்தான் சரசு இருந்தாள். மூலனூர்ப் பக்கத்து மானாவாரிக் காட்டுக்காரர்கள். கிணறு வற்றிப் போய்க் களத்து வேலைக்கு வந்தவர்கள். புருஷன் பெயர் பழனிச்சாமி, அதிகம் பேசாத ஆள். மூத்தவன் கவின், இரண்டு வயது இருக்கும். அவனுக்குப் பின் பிறந்த கைக்குழந்தை ஏணையில் தூங்கிக்கொண்டிருந்தது. பருப்பு மூட்டைகளை நிறுக்கும் கொட்டகையில், இரும்புக் குழாயில் எங்கள் தராசைக் கட்டியிருந்தோம். அந்த ஊர் அங்கன்வாடிப் பணியாளர் ஜோதிமணி பெயர்களை எழுதிக்கொண்டிருந்தாள்.

சரசு பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு, வரிசையில் முன்னால் வந்து நின்றாள். பெருமையாகத்தான் நின்றாள். மற்றக் குழந்தைகள் எல்லாம் ஒட்டி உலர்ந்து இருக்க, இவன் கன்னம் உப்பி, கை கால் எல்லாம் புசுபுசுவென்று இருந்தான்.

"என்ற பையனை மொதல்ல போடுங்க சூப்பர்வைசரம்மா. களத்துலயே இவந்தான் குண்டு" என்றாள்.

"என்ன சாப்பிடறான்?" என்று கேட்டேன்.

"டீத்தண்ணியில வர்க்கி நனைச்சுக் குடுத்தா ரெண்டு திம்பானுங்க. சோறு எறங்காது. பொடுசு பொறந்ததுல இருந்து பால் குடிக்கறதில்லீங்க. ஆனா ஒடம்பு பாருங்க. கொலுசு எறுக்குதுன்னு போன வாரந்தான் கழட்டுனேன்."

பையன் அழவில்லை. சிரிக்கவும் இல்லை. எதையும் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தான். முடி செம்பட்டையாக, தொட்டால் கையோடு வரும்போல் இருந்தது. தொடையில் ஓரிடத்தில் தோல் உரிந்திருந்தது. மண்டியிட்டு, அவன் இரு பாதங்களையும் பிடித்து, அழுத்தி, எண்ணி, விரல்களை எடுத்தேன்.

குழிகள் நின்றன. ஈரக் களிமண்ணில் விரல் வைத்து எடுத்த மாதிரி. இன்னும் மேலே அழுத்திப் பார்த்தேன். முழங்காலுக்குச் சற்றுக் கீழே வரை குழி விழுந்தது.

ஜோதிமணி அவனைத் தூக்கித் தராசில் ஏற்றி முள்ளைப் பார்த்துவிட்டு, "பச்சைதானுங்க மேடம். இந்தக் களத்துல பச்சையில நிக்கற ஒரே புள்ளை" என்றாள். அவள் மேல் தப்பில்லை. வளர்ச்சி அட்டையில் புள்ளி பச்சைப் பட்டையில்தான் விழுந்தது.

ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும் என்று சரசுவிடம் சொன்னேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏனுங்க, அக்கட்டால அத்தனை காஞ்சு போன புள்ளைக நிக்குது, அதையெல்லாம் உட்டுப்போட்டு குண்டா இருக்கறவனைக் கூப்படறீங்க?" என்றாள். சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். ஆஸ்பத்திரியில் கணக்குக் காட்ட ஆள் தேவைப்படுகிறது போலிருக்கிறது என்று ஒருத்தி சொன்னாள்.

அன்று அவளைக் கிளப்பியது என் பேச்சு இல்லை. தோல் உரிந்த இடத்தைக் காட்டி, அது புண்ணாகும் என்று ஜோதிமணி சொன்னாள். அது அவளுக்குப் பட்டது. கைக்குழந்தையையும் தூக்கிக்கொண்டு கிளம்பினாள்.

அரசு மருத்துவமனையில் இதற்கென்று சில கட்டில்கள் உண்டு. தாயும் குழந்தையோடு தங்க வேண்டும். முதல் கட்டத்தில் நிறையச் சாப்பாடு கொடுக்க மாட்டார்கள். கொடுத்தால் அந்த உடம்பு தாங்காது. நீர்த்த பால் கலவையைக் கொஞ்சம் கொஞ்சமாக, இடைவெளி விடாமல் கொடுப்பார்கள். தினமும் காலையில் எடை. உடம்பில் சேர்ந்த தண்ணீர் வடிய வடிய எடை முதலில் இறங்கும். பிறகுதான் சதை பிடித்து ஏறும். இந்த இறக்கத்தைக் கண்டு பயப்படக் கூடாது என்று டாக்டர் சொன்னார், நானும் சொன்னேன். சரசு தலையாட்டினாள். ஆனால் சொல்லிக் கேட்பது வேறு, காலையில் எழுந்து கண்ணால் காண்பது வேறு.

குண்டாகக் கொண்டுவந்த பிள்ளை அவள் கண்ணெதிரே வற்றினான். கன்னம் ஒட்டியது. விலா தெரிந்தது. ஒவ்வொரு காலையும் முள் கீழே வந்தது. ஒரு நாள் அவள் அவனைத் தூக்கி நிறுத்தியபோது, இடுப்பில் இறுகிக் கிடந்த அரைஞாண் தொளதொளத்துத் தொடை வழியாக நழுவி, முழங்காலைத் தாண்டித் தரையில் விழுந்தது.

நான் அப்போது அங்கே இல்லை. டாக்டர் வருவதற்குள் சரசு கயிற்றை முந்தானையில் முடிந்து, இரண்டு பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு பேருந்து ஏறிவிட்டாள் என்று மருத்துவமனைச் செவிலியர் தொலைபேசியில் சொன்னார். கயிறு விழுந்ததைப் பக்கத்துக் கட்டில் பெண் பார்த்திருக்கிறாள். இந்த நிலைமையில் பால் நின்றால் பையன் தாங்குவது கஷ்டம், காய்ச்சல் ஒன்று வந்தாலே போதும் என்று டாக்டர் சொன்னதாகவும் சொன்னார்.

விசாலாட்சி மேடத்திடம் போய்ச் சொன்னேன். "களத்துக்குத்தான் போயிருக்காங்கங்கறது பார்த்ததுங்களா, கேட்டதுங்களா?" என்று கேட்டார். கேட்டதுதான் என்றேன். ஜீப்பை எடுக்கச் சொன்னார்.

சரசு களத்தில்தான் இருந்தாள். பருப்பு நெம்பிக்கொண்டிருந்தாள். பையன் சாக்கின் மேல் படுத்திருந்தான். எங்களைப் பார்த்ததும் அவள் எழவில்லை. நெம்புகத்தியும் நிற்கவில்லை.

"வாங்க" என்றாள். "நாங் கொண்டுபோய் உடற போது எப்பிடி இருந்தான், இப்ப எப்பிடி இருக்கறான், நீங்களே பாருங்க. இனி நான் வாரதா இல்லீங்க."

மேடம் கைக்கடிகாரத்தைக் கழற்றினார். மோதிரத்தைக் கழற்றினார். புடவையை ஒதுக்கிக்கொண்டு தேங்காய் ஓடுகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் அவளோடு வேலையைப் பற்றிப் பேசினார். பிறகு கேட்டார்: "ஏனுங்க சரசு, ஈரப் பருப்பு எடை கூட நிக்குமுங்களா, காஞ்ச பருப்பா?"

"ஈரந்தானுங்க. அது சொல்லோணுமா?"

"காயக் காய எடை எறங்குதில்லீங்க. அதுக்காகப் பருப்பு கெட்டுப் போச்சுன்னா சொல்றோம்?"

வரும் வழியெல்லாம் ஜீப்பில் அவர் பேசாமல் வந்தது இதை யோசித்துக்கொண்டுதான் என்று எனக்குப் புரிந்தது. நல்ல உதாரணம் என்றே நானும் நினைத்தேன். சரசு கத்தியைக் கீழே வைத்தாள்.

"பருப்பு காஞ்சா உள்ள எண்ணெய் இருக்குமுங்க. புள்ளை காஞ்சா எலும்புதானுங்க இருக்கும்."

பக்கத்தில் இருந்த பெண்கள்கூட வேலையை நிறுத்திவிட்டார்கள். மேடம் என்ன சொல்வார் என்று எல்லோரும் பார்த்தார்கள். "அதுவுஞ் சரிதானுங்க" என்றார் அவர். அதற்கு மேல் அந்தப் பேச்சை இழுக்கவில்லை. இன்னொரு உதாரணமும் தேடவில்லை.

கொஞ்சம் நகர்ந்து பையனின் கால்மாட்டில் உட்கார்ந்தார். "உங்க கையைக் குடுங்க" என்றார். சரசுவின் வலது கட்டைவிரலைப் பிடித்து, பையனின் பாதத்தின் மேல் வைத்து, அதன் மேல் தன் விரலை வைத்து அழுத்தினார். எண்ணினார். எடுத்தார்கள். குழி நின்றது, ஆனால் முன்னைப்போல் ஆழம் இல்லை. "இப்ப உங்க கால்ல அமுக்குங்க." அமுக்கினாள். குழி இல்லை. "இதுதான் தண்ணி. அன்னைக்கு இந்த மேடம் அமுக்கும்போது எது வரைக்கும் குழி உழுந்துச்சு, நெனப்பிருக்குதுங்களா?"

சரசு தன் கையை வைத்துக் காட்டினாள். முழங்காலுக்குக் கீழே. அன்று அவள் மேலிருந்து என் விரல்களைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

"இன்னைக்கு எது வரைக்கும்னு நீங்களே பாருங்க. நாங்க தொடலை."

மேடம் கையை எடுத்துக்கொண்டார். சரசு முதலில் அந்த முழங்காலுக்குக் கீழே அழுத்தினாள். தோல் உடனே எழும்பியது. கொஞ்சம் கீழே இறக்கி அழுத்தினாள். அதுவும் எழும்பியது. கெண்டைக்காலுக்கு வந்தாள். கணுக்காலுக்கு வந்தபோதுதான் குழி விழுந்தது. நம்பாமல் மறுபடியும் மேலே போனாள். மற்றக் காலிலும் அழுத்திப் பார்த்தாள். பையன் சிணுங்கிக் காலை இழுத்துக்கொண்டான். முன்பெல்லாம் அவன் இழுத்துக்கொண்டதில்லை.

"எறங்கியிருக்குதுங்க" என்றாள் சரசு, யாரையும் பார்க்காமல்.

"மேல இருந்து கீழ எறங்கீட்டு இருக்குது. இன்னும் கணுக்கால்ல மிச்சம் இருக்குதுங்க. அது போறதுக்குள்ள நீங்க எந்திரிச்சு வந்துட்டீங்க."

சரசு கணுக்காலில் இன்னொரு தரம் அழுத்திப் பார்த்தாள். பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்துக் கயிற்றை எடுத்துக் காட்டினாள். "இதுக்கு என்னங்க சொல்றீங்க? இது தன்னால உழுந்துச்சுங்க. நான் அறுக்கலீங்க. அந்தக் கட்டல்ல இருந்த அம்மணி எம் மூஞ்சியப் பார்த்த பார்வை எனக்குத்தான் தெரியும்."

மேடத்தின் பையில் அந்தக் கறுப்புக் கயிறு இருந்தது. அதை எடுத்து நீட்டினார். சரசு பட்டென்று பின்வாங்கினாள். "ஆபீசுக் கவுறெல்லாம் கட்டக் கூடாதுங்க. புதுசு கட்டறதுன்னா மாமன் வாங்கித் தரோணும். எங்கண்ணன் மூலனூர்ல இருக்குது." மேடம் அதைத் திரும்பப் பையில் வைத்தார். அண்ணனுக்குச் சொல்லி அனுப்பி அவர் வந்து சேர்வதற்குள் என்ன ஆகும் என்பது மட்டும் எனக்குத் தெரிந்திருந்தது.

பழனிச்சாமி அது வரைக்கும் களத்தின் நடுவே தேங்காய்களைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தார். புரட்டும் பலகையைக் கீழே போட்டுவிட்டு வந்தார். மனைவியின் கையிலிருந்து கயிற்றை வாங்கி, இரு முனைகளையும் இழுத்துப் பார்த்தார். பையனின் இடுப்பில் சுற்றி, தொங்கிய பகுதியை மடித்து ஒரு முடிச்சுப் போட்டார். இரண்டு விரல் விட்டுப் பார்த்தார். நழுவவில்லை.

"அறுந்தாத்தான் குத்தம். நழுவுனதுக்கு ஒரு முடிச்சுப் போட்டாத் தீந்துது" என்றார். "அவுக வண்டியிலயே ஏறு. சின்னவனுக்குத் துணி எடுத்துக்கோ."

அன்று களத்தில் அவர் பேசியது அவ்வளவுதான். சரசு கையில் ஒட்டியிருந்த பருப்புத் தூளைத் தட்டிவிட்டு எழுந்தாள்.

மருத்துவமனையில் அவளுக்குத் தனியாக எதுவும் செய்யவில்லை. அதே கட்டில், அதே பால். ஒன்று மட்டும் மாறியது. காலையில் எடை போடுவதற்கு முன் அவளே பையனின் கால்களை அழுத்திப் பார்த்துவிட்டு, எங்கே குழி நிற்கிறது என்று செவிலியரிடம் சொல்வாள். முள் இறங்கிக்கொண்டேதான் இருந்தது. இன்னொரு முடிச்சும் விழுந்தது. நான் போயிருந்த ஒரு நாள் அவள் முகத்தில் பழைய பயம் தெரிந்தது. ஆனால் கிளம்புவதற்குப் பையை எடுக்கவில்லை. கணுக்கால் குழி மறைந்தது. பிறகு பாதத்தில் இருந்ததும் மறைந்தது. முள் ஒரே இடத்தில் நின்றது. ஒரு காலை, அவள் தம்ளரில் பாலை ஆற்றிக்கொண்டிருக்கும்போது, கவின் இரு கைகளையும் நீட்டித் தம்ளரைப் பிடுங்கினான். பால் பாதி அவள் புடவையில் கொட்டியது. அதைப் பார்த்த டாக்டர், இனிப் பயம் இல்லை என்றார். அவன் பசிக்கு அழுத சத்தம் அடுத்த கட்டில்காரர்களுக்குத் தொந்தரவாக இருந்ததாகச் செவிலியர் என்னிடம் குறை சொன்னார். அந்தக் குறையை மேடத்திடம் அப்படியே சொன்னேன். "பார்த்ததுங்களா, கேட்டதுங்களா?" என்றார். "கேட்டதுங்க. அவன் அழுகையை, என் காதாலயே" என்றேன். அவர் சிரித்து நான் பார்த்தது அபூர்வம், அன்று பார்த்தேன்.

வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு முடிச்சு அவிழ்ந்திருந்தது. ஒன்று இருந்தது. சத்துமாவை எப்படிக் கிண்ட வேண்டும், அதில் எண்ணெய் ஒரு கரண்டி விட வேண்டும், எவ்வளவு இடைவெளியில் கொடுக்க வேண்டும் என்பதை ஜோதிமணி களத்து அடுப்பிலேயே செய்து காட்டினாள். வாரா வாரம் பார்த்து வந்தோம். பிறகு ஒரு முறை போனபோது அறை பூட்டியிருந்தது. வேறு களத்துக்குப் போய்விட்டார்கள், வெள்ளகோவில் பக்கம் இருக்கலாம் என்றார்கள். இந்த வேலையில் இப்படித்தான் முடியும். மக்கள் இடம் மாறும்போது நமக்குச் சொல்லிவிட்டுப் போவதில்லை. என் குறிப்பில் அந்த வரி பாதியில் நின்றது.

மழைக்காலம் வந்து போனது. விசாலாட்சி மேடத்துக்கு மாற்றல் உத்தரவு வந்தது. அதே சமயம் எனக்கும் வெள்ளகோவில் பக்கத்து மையங்கள் சிலவற்றைச் சேர்த்துக் கொடுத்தார்கள். அங்கே முதல் கூட்டத்தில் ஒரு பணியாளர் தயங்கித் தயங்கி ஒரு விஷயம் சொன்னாள். அவர்கள் ஊர்க் களத்தில் ஓர் அம்மணி, யார் வீட்டுப் பொடுசு என்றாலும் பிடித்து உட்கார வைத்துக் காலை அமுக்கிப் பார்க்கிறாளாம். கண்ணு பட்டதுக்கு என்னமோ மந்திரிக்கிறாள் என்று சிலர் பேசிக்கொள்கிறார்களாம். சிலர் சண்டைக்கே போய்விட்டார்களாம். நேற்று ஒரு பெண் குழந்தையின் காலை அமுக்கிவிட்டு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ என்று ஒரே பிடிவாதமாம்.

கேட்டதுதான். அதனால் போய்ப் பார்த்தேன்.

களத்து ஓரத்தில், கொட்டகை நிழலில் சரசு உட்கார்ந்திருந்தாள். எதிரில் ஓர் இளம்பெண், மடியில் உப்பிய கன்னத்தோடு ஒரு பெண் குழந்தை. கவின் காக்கைகளை விரட்டுகிறேன் என்று காயும் தேங்காய்களுக்கு நடுவே ஓடி, அப்பாவிடம் வசவு வாங்கிக்கொண்டிருந்தான். சட்டை போடவில்லை. இடுப்பில் அந்தப் பழைய கயிறு முடிச்சில்லாமல் கிடந்தது.

நான் குழந்தையின் பாதங்களை அழுத்திப் பார்த்தேன். குழி நின்றது. தராசை எடுக்கவில்லை. அந்தப் பெண்ணிடம் விளக்கத் தொடங்கினேன். அவள் காதிலேயே வாங்கவில்லை. "எம்புள்ள குண்டாத்தானுங்க இருக்குது. இவுங்களுக்குப் பொறாமை" என்றாள்.

"குண்டுன்னு நானுந்தான் சொல்லீட்டுத் திரிஞ்சேன் அம்மணி" என்றாள் சரசு. அந்தப் பெண்ணின் கட்டைவிரலைப் பிடித்துக் குழந்தையின் பாதத்தின் மேல் வைத்தாள். "நீயே அமுக்கு. நாஞ் சொல்லி நீ நம்பாண்டாம்."

அமுக்கிவிட்டு விரலை எடுத்த அந்தப் பெண், குழியையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஜீப்பை வரவழைத்ததும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். ஏறும்போது திரும்பி, அங்கே கொண்டு போனால் பிள்ளை இளைத்துப் போகும் என்று சொல்கிறார்களே, நிஜமா என்று கேட்டாள். என்னிடம் இல்லை, சரசுவிடம்.

"எளைக்கும். கவுறு நழுவிக் கீழயே உழுகும்" என்றாள் சரசு. "பயந்து ஓடி வந்துராதே. ஒரு முடிச்சுப் போட்டுக்கோ. அப்பறம் அவுத்துக்கலாம்."